கரிசல் சீமையில் பெரியம்மை: ஒரு நோயும் அதன் புரதங்களும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்கள் அடங்கிய கரிசல் சீமையில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரியம்மை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோய்க்கொண்டிருந்தது. வைசூரி என்றும் அதற்குப் பெயர். அதை உண்டாக்கிய வேரியோலா வைரஸ் மனித உடலைத் தவிர வேறெந்த உயிரிலும் இயற்கையாகக் குடியிருந்ததில்லை. நோய் கண்டவர் ஒன்று இறந்துபோவார், இல்லையேல் ஆயுள் முழுக்க எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுவார். இந்த இரண்டில் ஒன்று நடப்பதற்குள் வைரஸ் அடுத்த ஆளைப் பிடித்தாக வேண்டும். அதற்குக் கிடைத்த சில நாள் அவகாசம் தற்செயலானதல்ல. மனித வெள்ளணுக்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் சைட்டோகைன் செய்திகளைக் குலைக்கும் புரதங்களை அந்த வைரஸ் தானே செய்துகொண்டது. கரிசல் வீடுகளில் நோய் நடந்த விதம், ஊர் அதை எதிர்கொண்ட முறை, அம்மை குத்தும் பணி, சென்னை மருத்துவமனையின் பதிவுகள், நோய் ஒழிந்த பின் ஆய்வகங்கள் கண்டறிந்த புரதங்கள் ஆகியவை சேர்ந்ததே இந்த வரலாறு.

வறண்ட மாதங்களின் நோய்

கரிசல் நிலம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தியும் கம்பும் சோளமும் கார்த்திகை மழையில் வளரும். தை பிறந்ததும் தானிய அறுவடை நடக்கும். மாசி முதல் சித்திரைவரை பருத்தி எடுப்பு. அந்த மாதங்களில் ஆட்கள் ஊர்விட்டு ஊர் போய் வேலை செய்தார்கள். கல்யாணங்களும் பங்குனிப் பொங்கலும் கோயில் கொடைகளும் அப்போதுதான் நடந்தன.

இந்தியாவில் பெரியம்மை குளிர்காலத்தின் முடிவில் ஏறத் தொடங்கி மார்ச் முதல் மே வரை உச்சத்தில் நின்று, தென்மேற்கு மழை தொடங்கியதும் இறங்கிவிடும். காற்றில் ஈரம் குறைந்திருக்கும்போது வைரஸ் நீண்டநேரம் உயிரோடிருப்பது இதற்கு ஒரு காரணம். மக்கள் கூடுவதும் நடமாடுவதும் மற்றொன்று. கரிசல் சீமையில் வறட்சியும் நடமாட்டமும் ஒரே மாதங்களில் வந்து சேர்ந்தன. 1876இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை கோவில்பட்டி வழியாகத் திறக்கப்பட்ட பிறகு, மாட்டுவண்டியில் பல நாள் ஆகும் தூரத்தைத் தொற்று ஒரே பகலில் கடக்க முடிந்தது. பன்னிரண்டு நாள் வெளியே தெரியாமல் உடலுக்குள் வளரும் நோய்க்கு இது பெரிய வசதி. ரயில் ஏறும்போது நன்றாக இருந்தவர் போன ஊரில் படுக்கையில் விழுந்தார்.

பருத்தியும் இந்தக் கதையில் இடம்பெறுகிறது. இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதிகளில் அவ்வப்போது தலைகாட்டிய பெரியம்மைக்கு இறக்குமதியான பஞ்சுப் பொதிகள் காரணமாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அதையொட்டி, அம்மைப் பொருக்குகளைக் கச்சாப் பஞ்சில் வைத்துச் செய்த சோதனையின் முடிவுகள் 1957இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின. காய்ந்த பொருக்குக்குள் வைரஸ் பல மாதங்கள் உயிரோடிருந்தது அதில் தெரிந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தபோது அதன் ஆயுள் குறைந்தது. ஆனாலும் பெரும்பாலான தொற்று பொருக்கால் வரவில்லை. நோயாளியின் வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் தெறித்த எச்சில் துளிகளே அதை அருகிலிருந்தவர்களுக்குக் கொண்டுசேர்த்தன.

அம்மை கண்ட வீடு

நோய் கடும் காய்ச்சலோடு தொடங்கும். தலைவலி, முதுகுவலி, வாந்தி, பிதற்றல் எல்லாம் சேர்ந்து வரும். மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் காய்ச்சல் சற்றுத் தணியும்போது முகத்திலும் முன்கையிலும் முத்துகள் தெரியும். அதன்பின் அந்த வீடு வேறு ஒழுங்குக்கு மாறிவிடும். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகப்படும். அதைப் பார்த்தவர்கள் உள்ளே வரமாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து நெருப்போ உப்போ கைமாற்றாக வாங்கமாட்டார்கள். அடுப்பில் தாளிப்பு கிடையாது. எண்ணெய் சட்டி ஏறாது. கணவனும் மனைவியும் விலகியிருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் நேராகத் திண்ணையோடு திரும்பிவிட வேண்டும்.

நோயாளியை வாழை இலையிலோ வெளுத்த வேட்டியிலோ கிடத்துவார்கள். வேப்பங்குழையால் மெல்ல வீசி, அரிப்பு எடுக்கும் இடத்தில் அதனாலேயே தடவிவிடுவார்கள். குடிக்க இளநீர், மோர், நீர்த்த கம்மங்கூழ், பானக்கம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் முன்பே அம்மை கண்டு தழும்போடு இருக்கும் மூதாட்டி. ஒருமுறை கண்டவருக்கு மறுபடி வராது என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்தது. முத்து பழுத்து, வற்றி, பொருக்குத் தட்டியதும் வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என நாள் விட்டு ஊற்றிய பிறகே நோயாளி வீட்டுப் புழக்கத்துக்கு வருவார்.

ஊருக்கு நேர்ச்சை மாரியம்மனிடம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில் உள்ள மாரியம்மன் கோயில் இந்தச் சீமை முழுவதற்கும் பொதுவான வேண்டுதல் தலம். அம்மையில் பிழைத்தவர்களில் சிலருக்குக் கருவிழியில் புண் விழுந்து பார்வை போனது. அதனால் அங்கே வெள்ளிக் கண்மலர் சாத்தும் வழக்கமும், கோயிலில் தங்கி வயனம் காக்கும் வழக்கமும் வேரூன்றின. ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கு இன்றும் மக்கள் நடந்தே போகிறார்கள்.

இந்த வழக்கங்களின் பலனைச் சரியாக மதிப்பிட வேண்டும். ஆள் போக்குவரத்தை நிறுத்தியது தொற்றைக் குறைத்தது. நோய் கண்டு தேறியவரைக் காவல் வைத்தது புதிய ஆளுக்கு நோய் போகாமல் தடுத்தது. நீராகாரம் உடலின் நீர்ச்சத்தைக் காத்தது. வேப்பிலை வைரஸைக் கொல்லவில்லை. முதல் முத்து தெரிவதற்கு முன்பே, வாய்க்குள் புண் தோன்றும் நேரத்தில் தொற்று தொடங்கிவிட்டிருக்கும். நிலைப்படியில் வேப்பிலை ஏறுவதற்குள் அதே கூரையின்கீழ் உறங்கிய பிள்ளைகளில் சிலருக்கு நோய் ஏறியிருக்கக்கூடும்.

அம்மை குத்தும் பணி

எட்வர்ட் ஜென்னர் 1796இல் தொடங்கிய பசு அம்மைத் தடுப்பு முறை 1802இல் இந்தியாவுக்கு வந்தது. சென்னை மாகாணத்திலும் அதே காலத்தில் அம்மை குத்துவோர் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் ஒருவர் கையில் எழும்பிய கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்தவர் கையில் குத்தினார்கள். குழந்தையின் கையைக் கீறி நீர் எடுப்பதைத் தாய்மார் வெறுத்தார்கள். ஒருவர் உடம்பிலிருந்து எடுத்ததை மற்றொருவர் உடம்பில் ஏற்றுவது சாதி ஆசாரத்துக்கும் ஒத்துவரவில்லை. அம்மன் வருவதை மனிதன் தடுப்பது தகுமா என்ற அச்சமும் இருந்தது.

பின்னர் கன்றின் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பால் வழக்கத்துக்கு வந்தது. சென்னை கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரித்தது. அந்த நிலையத்துக்குப் பெயர் தந்த டபிள்யூ. ஜி. கிங் வெப்பத்தைத் தாங்கும்படி லானோலின் கலந்த அம்மைப்பாலைச் செய்து பார்த்தவர். வெப்பமே இந்தப் பணியின் பெரிய எதிரி. கிளிசரினில் வைத்த அம்மைப்பால் கிண்டியிலிருந்து ரயிலேறி, கோவில்பட்டியில் இறங்கி, மாட்டுவண்டியிலும் நடையிலும் உள்கிராமத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கோடை வெயிலில் வீரியம் இழந்துவிடும். கையில் குத்திய அடையாளம் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. அப்படிப்பட்டவருக்கு அம்மை வந்தபோது ஊர் அம்மை குத்துவதையே சந்தேகித்தது.

1950களின் தொடக்கத்தில் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் லெஸ்லி கோலியர் உறைய வைத்து உலர்த்தும் முறையைச் சீராக்கினார். அந்தத் தூள் வெயிலைத் தாங்கியது. இந்தியாவில் அதைத் தயாரித்த நான்கு நிலையங்களில் கிண்டியும் ஒன்று. மற்றவை பட்வாடாங்கர், ஐதராபாத், பெல்காம். 1962இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அம்மை குத்தப் பயன்பட்ட சுழல் கத்தி போய் இரட்டை முனை ஊசி வந்த பிறகு சிறிதளவு மருந்தைக் கொண்டு பலருக்குக் குத்த முடிந்தது. இன்று அறுபது வயதைத் தாண்டிய கரிசல் மக்களின் கையில் காணும் வட்டத் தழும்புகள் அந்தக் காலத்தவை.

தண்டையார்பேட்டைப் பதிவுகள்

பெரியம்மை பற்றி உலகம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி சென்னை தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் ஏ. ராமச்சந்திர ராவ் ஏறத்தாழ ஏழாயிரம் நோயாளிகளை வகைப்படுத்திப் பதிவு செய்து, 1972இல் நூலாக்கினார். அம்மை குத்தாத 3,544 பேரில் 35.5 சதவீதம் பேர் இறந்தார்கள். குத்திக்கொண்ட 3,398 பேரில் இறந்தவர்கள் 6.3 சதவீதம். முத்துகள் தனித்தனியாக நின்ற வகையில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். முத்துகள் ஒன்றோடொன்று கூடிய வகையில் பாதிக்கு மேல் இறந்தார்கள். முத்து எழும்பாமல் தோலோடு தட்டையாகக் கிடந்த வகையிலும், தோலுக்குள் இரத்தம் கசிந்த வகையிலும் ஏறக்குறைய யாரும் தப்பவில்லை. இரத்தக் கசிவு வகை கர்ப்பிணிகளை அதிகம் தாக்கியதையும் ராவ் கவனித்து எழுதினார்.

1968இல் வெளியான மற்றோர் ஆய்வில், நோய் நுழைந்த 254 குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன. ஒரே வீட்டில் நோயாளியோடு இருந்தவர்களில் அம்மை குத்தாதவர்களுக்கு 36.9 சதவீதமும், குத்தியவர்களுக்கு 1.2 சதவீதமும் நோய் தொற்றியது. பிரிட்டனின் ஆலன் டவுனி, அமெரிக்காவின் ஹென்றி கெம்ப் ஆகியோர் சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து, நோயாளிகள் வாய் கொப்பளித்த நீரில் வைரஸின் அளவைச் சோதித்து 1961இல் வெளியிட்டார்கள். முத்து தோன்றிய முதல் சில நாட்களில்தான் வைரஸ் மிகுதியாக இருந்தது. ஊர் வழக்கில் ஒதுக்கம் மிகக் கடுமையாக இருந்த நாட்களும் தொற்று மிகுந்த நாட்களும் பெரும்பாலும் ஒன்றே.

தமிழ்நாட்டில் தொடர்தொற்று 1970களின் தொடக்கத்துக்குள் அடங்கிவிட்டது. 1973இல் நோய் முக்கியமாக உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் எஞ்சியிருந்தது. 1974இல் நாட்டில் 1,88,000 பேருக்கு நோய் கண்டது. வீடு வீடாகத் தேடி, கண்ட இடத்தைச் சுற்றி அம்மை குத்திய பெருமுயற்சிக்குப் பின் 1975 மே மாதத்தோடு இந்தியாவில் நோய் நின்றது. 1977 அக்டோபரில் சோமாலியாவில் ஒரு மருத்துவமனைச் சமையல்காரருக்கு வந்ததே உலகில் இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை. 1980 மே 8 அன்று உலக சுகாதாரப் பேரவை நோய் ஒழிந்ததை அறிவித்தது.

வெள்ளணுக்கள் பேசும் மொழி

நோய் ஒழிந்தபோதும் அது ஏன் அவ்வளவு கொடியதாக இருந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அதற்கான அடித்தளம் 1957இல் லண்டனில் போடப்பட்டிருந்தது. அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மனும் கோழிக்கரு சவ்வில் இன்ஃபுளுயென்சா வைரஸை வைத்தபோது, அந்த உயிரணுக்கள் ஒரு பொருளைச் சுரந்து அண்டைய உயிரணுக்களுக்கு வைரஸ் எதிர்ப்பைத் தந்ததைக் கண்டார்கள். அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் இதுபோன்ற செய்திப் புரதங்கள் பல கண்டறியப்பட்டுச் சைட்டோகைன்கள் என்ற ஒரே குடும்பமாக அடையாளம் பெற்றன.

வைரஸ் நுழைந்த உயிரணு முதலில் ஆல்ஃபா, பீட்டா வகை இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. அது அண்டை உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் பொருந்துகிறது. ஏற்பியின் உட்பகுதியோடு ஒட்டியிருக்கும் ஜாக் நொதிகள் விழித்து, ஸ்டாட் என்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய ஸ்டாட் உட்கருவுக்குள் சென்று நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகிறது. பிகேஆர் போன்ற காவல் புரதங்கள் பெருகுகின்றன. இப்படித் தயாரான உயிரணுவுக்குள் வைரஸ் நுழைந்தால் அங்கே புரத உற்பத்தியே நின்றுவிடும்.

மற்ற சைட்டோகைன்களுக்கு வேறு வேலைகள் உண்டு. மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கி சுரக்கும் டிஎன்எஃப், இரத்தக் குழாயின் சுவரை இளக்கி வெள்ளணுக்களை நோய்ப்பட்ட இடத்துக்கு வரவழைக்கிறது. அதன் செய்தி உயிரணுவுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தின் வழியே செல்கிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டைத் தூண்டிக் காய்ச்சலை வரவழைக்கிறது. இன்டர்லூக்கின்-18 இயற்கைக் கொல்லி உயிரணுக்களையும் டி உயிரணுக்களையும் தூண்டிக் காமா வகை இன்டர்ஃபெரானைச் சுரக்கச் செய்கிறது. கீமோகைன்கள் வெள்ளணுக்களுக்கு வழிகாட்டுகின்றன. இத்தனை செய்திகளும் ஒத்துப் போனால்தான் உடல் தன் படையைச் சரியான இடத்தில் திரட்ட முடியும்.

வேரியோலா சுமந்த புரதங்கள்

அம்மைக் குடும்ப வைரஸ்கள் இந்தச் செய்திகளை இடைமறிக்கின்றன என்பது 1990இல் தெரியவந்தது. முயல்களுக்குக் கட்டி உண்டாக்கும் ஓர் அம்மை வைரஸின் மரபணு ஒன்று, மனிதரின் டிஎன்எஃப் ஏற்பியைப் போலவே இருந்தது. 1992இல் மிக்சோமா வைரஸில் காமா இன்டர்ஃபெரானைப் பிடிக்கும் புரதமும், அம்மை குத்தப் பயன்பட்ட வாக்சினியா வைரஸில் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைப் பிடிக்கும் புரதமும் கண்டறியப்பட்டன. 1993இல் ரஷ்யாவின் கோல்ட்சோவோ ஆய்வகம் வேரியோலாவின் முழு மரபணுத் தொடரை வெளியிட்டது. அதற்கு எடுத்துக்கொண்டது இந்தியாவில் 1967இல் பிரித்தெடுக்கப்பட்ட வகை. ஏறத்தாழ 1,86,000 எழுத்துகள் கொண்ட அந்தத் தொடரில் இருநூறு அளவிலான புரதங்களுக்குரிய குறிப்புகள் இருந்தன. அவற்றில் சில, மனித ஏற்பிகளின் நகல்கள்.

இந்த நகல் ஏற்பிகள் உயிரணுவின் மேல் நிலையாகப் பதிந்திருப்பதில்லை. அவை சுரக்கப்பட்டு வெளியே வருகின்றன. உடலின் சைட்டோகைன் அவற்றை உண்மையான ஏற்பியென்று கொண்டு ஒட்டிக்கொள்கிறது. ஊருக்கு வந்த தந்தியை உரியவர் கைக்குப் போகவிடாமல் வழியிலேயே ஒருவன் வாங்கி மடியில் கட்டிக்கொள்வதற்கு இது ஒப்பாகும். செய்தி அனுப்பிய உயிரணுவுக்கும் அதைப் பெற வேண்டிய உயிரணுவுக்கும் நடந்தது தெரியாது.

ஆல்ஃபா, பீட்டா இன்டர்ஃபெரானைப் பிடிக்கும் புரதம் இவற்றில் முதன்மையானது. வாக்சினியாவில் இதற்கு பி18 என்று பெயர். 1995இல் இது விளக்கப்பட்டது. சுரந்து வெளியேறிய பி18, இன்னும் வைரஸ் புகாத அண்டை உயிரணுக்களின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொண்டு, அவற்றுக்கு வரும் இன்டர்ஃபெரானை அங்கேயே மடக்கிவிடுகிறது. இதனால் வைரஸ் அடுத்துப் போகவிருக்கும் உயிரணு எச்சரிக்கை பெறாமலே இருந்துவிடுகிறது. வேரியோலாவும் குரங்கம்மை வைரஸும் இதே திறனுள்ள புரதத்தைச் சுரப்பது 2010இல் சோதனையில் உறுதியானது.

டிஎன்எஃப்பைப் பிடிப்பதற்குப் பசு அம்மை வைரஸிடம் நான்கு புரதங்கள் உள்ளன. வேரியோலாவிடம் இருப்பது சிஆர்எம்பி என்ற ஒன்று மட்டுமே. ஆனால் அந்த ஒன்று இரு வேலை செய்கிறது. அதன் ஒரு முனை டிஎன்எஃப்பைப் பிடிக்கிறது. மறு முனை கீமோகைன்களைப் பிடிக்கிறது. மாட்ரிட்டில் அந்தோனியோ அல்காமியின் குழு 2006இல் இதைக் காட்டியது. இன்டர்லூக்கின்-18ஐப் பிடிக்கும் வேரியோலா புரதம் 2004இல் ஆராயப்பட்டது. காமா இன்டர்ஃபெரானுக்கும் தனியாக ஒன்று உண்டு.

வெளியே தப்பிய செய்தி உயிரணுவுக்குள் வந்தாலும் அங்கேயும் தடை காத்திருக்கிறது. வைரஸ் தன் துகளுக்குள் வைத்தே கொண்டுவரும் எச்1 என்ற நொதி, ஸ்டாட்-1இல் ஏற்றப்பட்ட பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. செய்தி உட்கருவை எட்டுவதில்லை. இ3 என்ற புரதம், வைரஸ் பெருகும்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்என்ஏவை மூடி மறைத்து பிகேஆர் விழிக்காமல் செய்கிறது. ஜி1ஆர் என்ற வேரியோலா புரதம் என்எஃப்-கப்பா-பி குடும்பத்தின் ஓர் உறுப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதை 2009இல் கிராண்ட் மெக்ஃபாடன் குழு கண்டது.

சைட்டோகைனோடு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும் இரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற காப்பு அமைப்பையும் வேரியோலா முடக்கியது. அதற்குரிய புரதம் ஸ்பைஸ். வாக்சினியாவில் உள்ள அதன் இணையிலிருந்து அது பதினோரு அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடுகிறது. ஆனாலும் மனிதரின் சி3பி என்ற காப்புக் கூறைச் சிதைப்பதில் அது நூறு மடங்கு வலியது என்று 2002இல் அரியெல்லா ரோசன்கார்டின் ஆய்வு காட்டியது. அந்த வலிமை புரதத்தின் எந்தெந்த இடங்களில் உறைகிறது என்பதைப் புனேயின் தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் அரவிந்த் சாஹு குழு 2008இல் பிரித்துக் காட்டியது. வேரியோலாவைக் கையாள உலகில் அட்லாண்டா, கோல்ட்சோவோ என இரண்டு ஆய்வகங்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. மற்ற ஆய்வாளர்கள் தனியொரு மரபணுவைச் செயற்கையாகச் செய்தே இவற்றை ஆராய்கிறார்கள்.

படுக்கையில் கண்டதும் உயிரணுவில் நடந்ததும்

இந்தப் புரதங்களைக் கொண்டு நோயின் நாட்களைத் திரும்பப் படிக்க முடியும். தொற்றிய நாளிலிருந்து காய்ச்சல் வரை ஏறத்தாழ பன்னிரண்டு நாள் உடலில் அறிகுறி எதுவும் இல்லை. வைரஸ் தொண்டையிலிருந்து நிணநீர்க் கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் போய்ப் பெருகிய காலம் அது. முதல் எச்சரிக்கைகளை நகல் ஏற்பிகள் விழுங்கியது அந்த அமைதிக்குத் துணை செய்திருக்க வேண்டும். வைரஸ் பெருமளவில் இரத்தத்தில் கலந்ததும் காய்ச்சல் ஒரேயடியாக மூண்டது. இன்டர்லூக்கின்-1 பீட்டாவைப் பிடித்துக் காய்ச்சலைத் தணிக்கும் மரபணு வாக்சினியாவின் சில வகைகளில் முழுமையாக இருக்கிறது. வேரியோலாவில் அது சிதைந்து கிடக்கிறது. கரிசல் வீடுகளில் முத்து தெரிவதற்கு முன்பே நோயாளி கொதித்துப் பிதற்றியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

2004இல் அட்லாண்டாவில் குரங்குகளுக்கு வேரியோலாவைச் செலுத்தி, அவற்றின் இரத்த உயிரணுக்களில் எந்த மரபணுக்கள் இயங்கின என்று பார்த்தார்கள். பயன்படுத்திய இரண்டு வகைகளில் ஒன்று இந்தியாவிலிருந்து எடுத்தது. இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் பலமாகவே இயங்கின. ஆனால் உடல் முழுதும் வைரஸ் நிறைந்திருந்தபோதும் டிஎன்எஃப், என்எஃப்-கப்பா-பி வழியில் இயங்க வேண்டிய மரபணுக்களில் அசைவே இல்லை. இன்டர்ஃபெரானை வைரஸ் முற்றிலும் அடக்கிவிடவில்லை, உரிய நேரத்தில் உரிய இடத்தில் அது பயன்படாமல் செய்தது என்பதும், டிஎன்எஃப் செய்தியை ஏறக்குறைய முழுதாக அறுத்தது என்பதும் இதிலிருந்து பெறப்படும் முடிவு.

நோயின் கடுமை ஆளுக்கு ஆள் மாறியதற்கு வைரஸின் புரதங்கள் மட்டும் காரணமல்ல. ஒரே வைரஸ் ஒரே வீட்டில் ஒருவருக்குத் தனித்தனி முத்தாகவும் மற்றொருவருக்குத் தட்டை அம்மையாகவும் வந்தது. தட்டை வகையில் உடலின் டி உயிரணு எதிர்ப்பு பலவீனமாக இருந்தது. கருவைத் தாங்குவதற்காகக் கர்ப்பிணியின் எதிர்ப்பாற்றல் தன்னை மாற்றிக்கொண்டிருக்கும் நிலையில் வைரஸின் தடையும் சேர்ந்தபோது உடல் தாங்கவில்லை. தண்டையார்பேட்டைப் பதிவுகளில் ராவ் வகைப்படுத்தி வைத்த வேறுபாடுகள், போராட்டத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு முந்தியது என்பதன் வெளித்தோற்றங்கள்.

ஒழித்த வைரஸும் அதே குடும்பம்

பெரியம்மையை ஒழித்த வாக்சினியாவும் இத்தகைய புரதங்களைச் சுமந்ததே. பி18 அதனிடம் உண்டு. காமா இன்டர்ஃபெரானைப் பிடிக்கும் புரதம் உண்டு. எச்1, இ3 இரண்டும் உண்டு. ஆனால் பெரும்பாலான வாக்சினியா வகைகளில் டிஎன்எஃப்பைப் பிடிக்கும் மரபணு உடைந்துவிட்டது. அதன் காம்ப்ளிமென்ட் தடையும் மனிதரிடம் வலுவற்றது. ஆகவே கையில் குத்திய இடத்தில் ஒரு கொப்புளமாக எழும்பி, அங்கேயே அடங்கி, வேரியோலாவையும் எதிர்க்கும் நினைவை விட்டுச் சென்றது. எதிர்ப்பு குன்றியவர்களிடமும் கரப்பான் உள்ள குழந்தைகளிடமும் அது சில சமயம் உடல் முழுதும் பரவி ஆபத்தானது.

இந்தக் குறையை நீக்க, ஜெர்மனியின் ஆன்டன் மாயர் வாக்சினியாவின் அங்காரா வகையைக் கோழிக்கரு உயிரணுக்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட முறை மாற்றி மாற்றி வளர்த்தார். அவ்வாறு வளர்ந்ததில் பி18 உட்படப் பல தடைப் புரதங்களை அது இழந்தது. எம்விஏ எனப்படும் அந்த வகை மனித உடலில் பெருகாது. செய்திகளை மறைக்கும் திறன் குறைந்ததால் குறைந்த ஆபத்தோடு நல்ல எதிர்ப்பைத் தூண்டுகிறது. குரங்கம்மைக்கு இன்று போடப்படும் முக்கியத் தடுப்பூசி அதிலிருந்து வந்தது. 2022 ஜூலையில் இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளி கேரளத்தின் கொல்லத்தில் கண்டறியப்பட்டபோது, செங்கோட்டை வழியாகக் கொல்லத்தோடு ரயில் தொடர்புள்ள தென் மாவட்டங்களும் விழிப்போடு இருக்க வேண்டியிருந்தது.

கரிசல் ஊர்களில் இன்று வேப்பிலை செருகப்படுவது பெரும்பாலும் சின்னம்மைக்காக. அது வேறு குடும்பத்து வைரஸ். ஆயினும் அதுவும் ஐஈ62 என்ற புரதத்தால் இன்டர்ஃபெரான் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஐஆர்எஃப்3ஐ முடக்குகிறது. சின்னம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது. நோய் கண்ட முதல் நாளிலேயே தொடங்கினால் பயன் தரும் அசைக்ளோவிர் மருந்தும் இருக்கிறது. வீட்டுக்குள் ஒதுங்கியிருப்பது, நீராகாரம் தருவது, முன்பே நோய் கண்டவர் அருகிருந்து பார்ப்பது என்ற பழைய ஒழுங்கு இவற்றோடு முரண்படுவதில்லை. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் சின்னம்மை கடுமையாக வரக்கூடும் என்பதால், வேப்பிலை செருகிய வீட்டிலிருந்தும் அவர்களை மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது. தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருந்தால் மருந்து வேலை செய்யும் காலம் கடந்துவிடும்.